பிளாட்டினத்தில் ஈயம்

பிளாட்டினத்துக்கு ஈயம் ஆகாது. நகைக்கடையில் பிளாட்டினத்தைப் பற்றி என்னென்னவோ பெருமை சொல்வார்கள். கறுக்காது, துருப்பிடிக்காது, அமிலம் பட்டாலும் அசராது என்பார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் சூடான பிளாட்டினத்தின் மேல் துளி ஈயம் பட்டால் போதும், அது இளகி, ஓட்டை விழுந்து, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். இதைப் புத்தகத்தில் படித்து, வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். அது என் வீட்டு ஆளின் கையாலேயே நடக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தேன். தற்காலிக வேலை. முனைவர் பட்டம் இருந்தால்தான் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நிர்வாகம் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டது. திருச்சியில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேரமாக ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். பதிவுக்காலம் முடிந்து, கெஞ்சிக் கூத்தாடி நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்பும் பாதி கரைந்திருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. படித்ததெல்லாம் பாழ், வேலையும் பாழ்.

எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் நான். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் வெங்காயம் அறுத்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள். கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்குப் பட்டம் கிடைக்காவிட்டால் அப்பாவின் கடையோ மாமனாரின் வயலோ இருந்தது. எனக்கு அது எதுவும் கிடையாது. இதை நான் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. புலம்புவதற்குப் பதிலாக எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத கண்டக்டர் குறைவு.

நாங்கள் குடியிருந்தது அரியலூரில். என் வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் வேலை. எனக்கு அத்தை மகன், மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஆலையின் கருவிப் பிரிவில் சேர்ந்தவர். பெண் இவ்வளவு படித்திருக்கிறாள், மாப்பிள்ளை ஐ.டி.ஐ.தானா என்று கல்யாணத்தில் சாப்பிட்ட கை காய்வதற்குள் பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான்தான் போட்டுக்கொண்டு, பேசினவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போகாமல் இருந்தேன்.

வெப்பத்தை அளக்கிற கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், பரீட்சை எதுவும் வைக்கப்போவதில்லை. இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்து, அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு மின்னழுத்தம் வரும். அதை வைத்து எவ்வளவு சூடு என்று கண்டுபிடித்துவிடலாம். இதற்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். சிமெண்டுச் சூளையில் வெப்பம் பார்ப்பது இதை வைத்துத்தான். ஆனால் கம்பிக்கு ஒரு குறை உண்டு. ஒரு பொருளின் மேல்பரப்பில் கொண்டுபோய் வைத்தால் அதுவே கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொண்டு தப்பாகச் சொல்லும். அதனால் கம்பிக்குப் பதிலாக இரண்டு உலோகங்களையும் பீங்கான் பட்டையின் மேல் மெல்லிய படலமாகவே படியவைப்பது என்று ஒரு முறை உண்டு. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி, ஆனால் அதைவிடப் பல மடங்கு மெல்லிதாக. ஒரு பக்கம் பிளாட்டினம், இன்னொரு பக்கம் ரோடியம் கலந்த பிளாட்டினம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம்தான் சூட்டை உணரும் இடம். ஆயிரம் டிகிரிச் சூட்டில் இந்தப் படலம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்துச் சரியாகச் சொல்லும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

படலம் படியவைக்கிற இயந்திரம் திருச்சியில் இல்லை. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இயந்திரத்தில் எனக்கொரு முறை கேட்டு எழுதிப்போட்டு, நாயாய்க் காத்திருந்து, ஒருவழியாகக் கிடைத்தது. விரல் நீளத்தில் வெள்ளைப் பீங்கான் பட்டைகள், அவற்றின் மேல் சாம்பல் மினுமினுப்பில் கோடுகள். ஒரு டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, பட்டைகளை அதன்மேல் படுக்கவைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என்ன பலகாரம் என்று கேட்டார். மருந்து என்று சொன்னேன்.

வீட்டில் மாமா பெட்டியைத் திறந்து குனிந்து பார்த்தார். அவர் ஆலையில் மாட்டுகிற தெர்மோகப்பிள் பீங்கான் குழாய்க்குள் கம்பி ஓடுகிற, உலக்கை கனத்துக்கு இருக்கிற சமாச்சாரம்.

"இதுலயா வெப்பம் பாக்கப்போற? ஊதினா பறந்துடும் போலருக்கு" என்றார்.

"ஊதாதீங்க. தொடவும் தொடாதீங்க. விரல் பட்டா அழுக்கு ஒட்டிக்கும், அப்புறம் எதுக்கும் ஆகாது" என்றேன்.

அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "தொடலம்மா, தாயே."

சோதனை செய்ய உலை வேண்டும். எங்கள் கல்லூரி உலையை ஆயிரத்துக்கு ஏற்றுவதற்குள் பெரம்பலூரில் கரண்ட் போய்விடும். திருச்சியில் பேராசிரியரின் உலை சுருள் எரிந்து கிடந்தது. புதிதாக வாங்கும் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது மாமாதான் வழி சொன்னார். சிமெண்டு ஆலையின் தர ஆய்வு லேபில் ஒரு உலை எப்போதும் ஆயிரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். கல்லையும் மண்ணையும் சுட்டு எடைக்குறைவு பார்ப்பதற்கான உலை. ஆலைக்குச் சொந்த மின்சாரம், கரண்ட் போகாது. அந்த உலையின் கருவிகளைப் பார்த்துக்கொள்வதும் மாமாதான்.

"லேப் மேனேஜர் நல்ல மனுசன். கேட்டுப் பாக்குறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் லேபுல வேல கம்மி. அன்னிக்கு ஓட்டிக்கலாம்" என்றார்.

கேட்டும் விட்டார். வாய்வார்த்தையில் அனுமதி. வெளியாள் பொருளை ஆலை உலையில் வைப்பது மேலே தெரிந்தால் மேனேஜருக்குத்தான் வம்பு. அதனால் எழுத்தில் ஒன்றும் இல்லை, யாரிடமும் சொல்லவும் கூடாது. அன்றைக்கு நான் மாமாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வீட்டில் சிரித்துப் பேசினோம்.

நான் கையில் பெட்டியோடு போனால் ஆலை வாசலில் கேள்வி வரும் என்று, பூஜைக்கு முந்தைய நாள் காலையிலேயே டிபன் பாக்ஸை அவரிடம் கொடுத்தனுப்பினேன். பட்டைகளுக்குக் கம்பி இணைத்தாகிவிட்டது. உலைக்குப் பக்கத்துத் தட்டில் வைத்து, சுத்தமான பஞ்சால் மூட வேண்டும், தூக்குவதற்கு இடுக்கி மட்டும்தான், கை கூடாது. இதையெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

ஆயுத பூஜையன்று எங்கள் கல்லூரியிலும் பூஜை. ஆசிரியர்கள் எல்லோரும் வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு. நான் அங்கே போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றேன். இந்த ஊர்ப்பக்கம் ஆயுத பூஜை என்றால் ஆலைகளில்தான் அமர்க்களம். சூளை, அரவை ஆலை, லாரி, ஸ்பேனர், மீட்டர், நாற்காலி வரை கழுவித் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலையை அள்ளி அள்ளிக் கொடுப்பார்கள். வருஷம் முழுக்க நமக்குச் சோறு போடுகிற சாமானுக்கு ஒருநாள் மரியாதை. மாமா அன்றைக்குப் பொரிப் பையோடும் நெற்றி நிறைய விபூதியோடும் வந்தார். எல்லாம் நல்லபடியாக ஆச்சு என்றார். பட்டை பத்திரமா என்று கேட்டேன். பத்திரம் என்றார்.

மறுநாள் நானும் ஆலைக்குப் போனேன். லேபில் இன்னும் ஊதுபத்தி வாசனை. உலையின் கதவில் சந்தனப் பொட்டும் வாடின சாமந்தியும் இருந்தன. என் பட்டைகளைத் தரமான ஒரு கம்பித் தெர்மோகப்பிளுக்குப் பக்கத்திலேயே உலைக்குள் வைத்தோம். இரண்டும் ஒரே வெப்பத்தைச் சொல்ல வேண்டும். சொல்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. மேனேஜர்கூட நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் இரண்டும் ஒட்டிக்கொண்டே ஏறின. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு என் படலத்தின் எண் தயங்கியது. கம்பி ஏறிக்கொண்டே போக, படலம் பின்தங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பட்டை முழுதாகச் செத்தது, மீட்டரில் ஒன்றுமே இல்லை. அடுத்ததும் அப்படியே. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேனேஜர் எழுந்து, "விடும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது அவருக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

திருச்சியில் பேராசிரியர் பட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? படலம் ஒட்டவே இல்ல. பீங்கானை ஒழுங்காக் கழுவாமக் கொண்டு போயிருக்க. அடிப்படை சுத்தமே இல்லாம என்ன ஆராய்ச்சி?"

"நல்லாத்தான் சார் கழுவினேன்."

"நல்லாக் கழுவினா ஏன் உரியுது?"

அடிப்படைச் சுத்தம் என்று அவர் சொன்ன வார்த்தை என்னை எங்கே குத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா தெரியாது. எங்கள் தெருவிலிருந்து படிக்க வந்தவர்களுக்கு அந்த வார்த்தை புதிதல்ல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அதன்பிறகு மாதக்கணக்கில் இதே வேலைதான். மிச்சமிருந்த வெறும் பீங்கான் துண்டுகளை அமிலத்தில் கழுவினேன், மறுபடி கழுவினேன், சுட்டுப் பார்த்தேன். பழைய குறிப்புகளை எடுத்து எங்கே பிசகினேன் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். தப்பே கிடைக்கவில்லை. தப்பு கிடைக்காததுதான் பெரிய கொடுமை. முன்பு சரியாக வந்த சோதனைகள்கூட உண்மைதானா, நானே ஆசையில் அப்படிப் படித்துக்கொண்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. வகுப்பில் பாடம் நடத்தும்போது நடுவில் நிறுத்திவிட்டு, எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிள்ளைகளையே கேட்பேன்.

மாமா அந்த நாட்களில் என்னை ஒரு வேலை செய்ய விடவில்லை. ஷிப்ட் முடிந்து சிமெண்டுத் தூசியோடு வந்து சோறு வடிப்பார், பள்ளிக்கூடம் போகிற எங்கள் மகளுக்குத் தலைபின்னுவார். பின்னல் கோணலாக இருக்கும், அவள் அதற்கும் அழுவாள். மாரியம்மன் கோயிலுக்கு எனக்காக வேண்டிக்கொண்டு வந்து, விபூதியைக் கொண்டுவந்து நெற்றியில் வைப்பார். "நீ தோக்கமாட்ட. எங்கியோ ஒரு சின்னப் பிசகு, அவ்வளவுதான்" என்பார். உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்துவேன். சரி, எனக்கென்ன தெரியும் என்று போய்விடுவார்.

கடைசியில் ஒரு தோழி சொன்னதைக் கேட்டு, செத்த பட்டை ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிற இடத்துக்கு எடுத்துப்போனேன். மேல்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அது சொல்லும். பிளாட்டினம் இருந்தது, ரோடியம் இருந்தது, பீங்கானின் அலுமினியம் இருந்தது. கூடவே, இருக்கவே கூடாத ஈயம். படலம் கிழிந்திருந்த ஓட்டைகளின் ஓரத்தில் எல்லாம் ஈயம்.

எனக்கு உடனே கோபம் வந்தது. ஈயம் என்றால் சால்டரிங். மின்கம்பிகளைப் பற்றவைக்கிற ஈயப்பற்று. அதைத் தொழிலாகச் செய்கிறவர் என் வீட்டிலேயே இருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, பட்டையில கம்பி விட்டுப்போச்சுன்னு நீங்க ஈயம் வச்சுப் பத்தவச்சீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இல்லியே. சால்டர் இரும்ப அந்த லேபுக்குள்ளயே நான் கொண்டு போகல."

"பொய் சொல்லாதீங்க. ஈயம் இருக்கு. படம் எடுத்துக் காட்டிட்டாங்க. வானத்துலருந்தா விழுந்துச்சு?"

"புள்ள மேல சத்தியமா இல்ல. நீ சொன்ன மாதிரி இடுக்கியாலதான் எடுத்து வச்சேன். பஞ்சு போட்டு மூடினேன். பூஜையப்ப பஞ்ச எடுத்து, சந்தனம் குங்குமம் வச்சேன். சாயங்காலம் அதே பஞ்சால துடைச்சிட்டு மூடிட்டேன். வேற ஒண்ணுமே பண்ணல."

ஒன்றுமே பண்ணவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் என்ன சொல்லிவிட்டார் என்று அவருக்கே புரியவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"குங்குமம் வச்சீங்களா? அதும் மேலயா?"

"ஆமா. கையால தொடல. நீதான் தொடக்கூடாதுன்னியே. ஊதுபத்திக் குச்சி முனையால துளிதான் வச்சேன், ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு."

ஆலைப் பூஜைக்கு மொத்தமாக வாங்கின குங்குமத்தில் ஒரு பொட்டலம் பொரிப் பையோடு வந்து, எங்கள் சாமி அலமாரியிலேயே கிடந்தது. மறுநாள் அதைக் கல்லூரி வேதியியல் லேபுக்குக் கொண்டுபோனேன். மஞ்சளில் செய்கிற குங்குமத்தில் ஈயம் வராது. மலிவாக நிறம் ஏற்றுகிறவர்கள் செந்தூரம் என்கிற சிவப்பு ஈயப்பொடியைக் கலந்துவிடுகிறார்கள். அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, பொட்டாசியம் அயோடைடு விட்டதும் குழாயில் பளீர் என்று மஞ்சள் இறங்கியது. ஈயம் இருந்தால்தான் அந்த மஞ்சள் வரும். உலைச் சூட்டில் சந்தனம் கரியாகி, அந்தக் கரி குங்குமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்துவிட, ஈயம் பிளாட்டினத்தைத் தின்றிருக்கிறது. துடைத்தது போதாது. என் படலத்தைத் தின்ன ஈயம் நிறைய வேண்டாம்.

அன்றைக்கு வீட்டில் நான் பேசின பேச்சை இங்கே எழுதத் தேவையில்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று முன்பே சொல்லிவிட்டேன். அறிவிருக்கா என்பதில் ஆரம்பித்து அவர் படிப்பு வரைக்கும் போனது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"ஸ்பேனருக்கு வச்சேன், மீட்டருக்கு வச்சேன், அடுப்புக்கு வச்சேன். எல்லாத்துக்கும் வச்சுட்டு உன்னோடத மட்டும் விட்டா எப்புடி? நம்ம வூட்டுக்கு அதுதானே பெருசு."

அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. ரொம்ப நாளைக்கு எங்களுக்குள் உப்பு புளி பேச்சு மட்டும்தான் நடந்தது. கேஸ் தீர்ந்துபோச்சு, மகளுக்குக் காய்ச்சல், வாடகை கேட்டு ஆள் வந்தது. அவ்வளவுதான்.

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று பார்த்தால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, இதுவே ஒரு அத்தியாயம்மா. இவ்வளவு மெல்லிசான படலத்துல இவ்வளவு கொஞ்சம் ஈயம் என்ன பண்ணுதுன்னு யாரு இப்படிப் பாத்திருக்கா? வேணும்னே ஈயம் வச்சு, அளந்து, மறுபடி செய்."

நான் ஒழுங்காகக் கழுவவில்லை என்று சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. அவரே கையெழுத்துப் போட்டு இன்னொரு நீட்டிப்பு வாங்கித் தந்தார். பெங்களூரில் மறுபடி முறை கிடைத்தது. கோப்பு தூங்கி எழுந்து திருச்சிக்குப் புது உலையும் வந்தது. ஈயம் படாத படலம் ஆயிரம் டிகிரியில் சரியாகச் சொன்னது. ஈயம் பட்டது எப்படிச் சாகிறது என்பதையும் எழுதினேன். மூலம் என்ற இடத்தில் குங்குமம் என்று போட வேண்டாம், வெளியில் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், மேற்பரப்பு மாசு என்று மட்டும் போடு என்று பேராசிரியர் சொன்னார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஆலை மேனேஜருக்கும் மாமாவுக்கும் அதனால் தொல்லை வராது.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. இதில் தேறினால் பட்டம், தேறாவிட்டால் திருத்தி எழுதிக்கொண்டு மறுபடி வா என்பார்கள். எனக்கு அதற்கு மேல் காலம் இல்லை. மகளைப் பெரம்பலூரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, இருவரும் திருச்சிக்குப் போனோம். மாமா கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். வருகிறவர்களுக்கு லட்டு, மிக்சர், காபி ஏற்பாடு செய்ய வேண்டியது எங்கள் பொறுப்பு. அதை அவர் எடுத்துக்கொண்டார். நான் பேச ஆரம்பித்தபோது கடைசி வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே பேசினதெல்லாம் இங்கிலீஷ். அவருக்கு ஆலையில் கேட்டுக் கேட்டுப் பாதி புரியும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, ஈய அத்தியாயத்தில் நிறுத்தினார்.

"இது நல்ல வேலை. ஆனால் முதல் தடவை ஈயம் எங்கேயிருந்து வந்தது? மூலம் தெரியாமல் இந்த அத்தியாயத்தை நான் எப்படி ஒப்புக்கொள்வது?"

வேலை செய்த இடத்திலிருந்து வந்த மாசு என்றேன். என்ன இடம், என்ன மாசு என்று அவர் விடவில்லை. கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பேராசிரியர் எழுந்தார். எனக்கு உதவி செய்யத்தான் எழுந்தார், அதில் சந்தேகமில்லை. ஆலை மேனேஜரும் அதற்குள் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார், மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார்.

"சார், அது ஒரு வேடிக்கையான கதை" என்று ஆரம்பித்தார். ஆயுத பூஜை என்றால் என்ன என்று விளக்கினார். இந்தப் பெண்ணின் கணவர் ஆலைத் தொழிலாளி, ஸ்பேனரோடு ஸ்பேனராகப் பிளாட்டினப் படலத்துக்கும் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார் என்றார். ஊதுபத்திக் குச்சியைப் பிடித்த மாதிரி விரலைக் குவித்து, காற்றில் பொட்டு வைத்துக் காட்டினார். அவரும் இங்கேதான் இருக்கிறார் என்று கையைக் கடைசி வரிசைப் பக்கம் நீட்டினார்.

அறை முழுக்கச் சிரித்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டு, அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரை வைத்து ஊர் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிக்க மாட்டேன் என்று, பலகைக்குப் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு கேள்வியே இல்லை. கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டதாக அறிவித்தார்கள். கை தட்டினார்கள். மாமா லட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார். "நீங்கதானா அந்தப் பொட்டு?" என்று கேட்டார்கள். "ஆமா சார், நான்தான், எடுத்துக்கங்க" என்று நீட்டினார். ஒருவர் அவர் தோளைத் தட்டி, என் நெற்றிக்கும் ஒன்று வைத்துவிடுங்கள் என்றார். அதற்கும் சிரித்துக்கொண்டு நகர்ந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார். பட்டம் கிடைத்தாயிற்று, வேலை நிலைக்கும், அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சந்தோஷம் வருகிற மாதிரி இருந்து வரவில்லை. பாடாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். பாதிப் பேர் இறங்கினார்கள், நாங்கள் இறங்கவில்லை.

"எல்லாரும் நல்லா சிரிச்சாங்க" என்றார்.

"அந்த மனுசனுக்கு அறிவு அவ்வளவுதான் மாமா. சபையில எதச் சொல்றது எதச் சொல்லக்கூடாதுன்னு..."

"அவர விடு. உனக்கு நல்லது பண்ணத்தான் சொன்னாரு. நானும்தான் சிரிச்சேன். நீ மட்டும்தான் சிரிக்கல."

"உங்கள வச்சு சிரிக்கறப்ப நான் எப்புடி மாமா சிரிப்பேன்?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கில்ல. நீயும் சிரிச்சிருந்தா, சரி, இவளுக்கு அந்தக் கோவம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிருப்பேன். அவங்க சிரிக்கறப்பல்லாம் நான் உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

முடிந்துபோச்சு மாமா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அது முடிந்திருக்கவில்லை. டிரைவர் ஏறி வண்டியை எடுத்துவிட்டார். இன்றைக்கும் என் மேசைப் பக்கம் எதையாவது பார்க்க வந்தால், அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.